பிறக்காத மகனுக்கு, ஒரு இன்ஜின் நம்பரைப் பற்றி

மகனே,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன். மாற்றத் தோன்றும் இடத்தில் "மாற்றத் தோன்றுகிறது" என்று எழுதிவிட்டு மேலே போவேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாலு வயதாகிறது. மயிலாப்பூரில் நாலாம் பாரம் படிக்கிறேன். இப்போதே எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். வாசகசாலைக்கு வரும் பத்திரிகைகளில் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை நான் விடாமல் படிக்கிறேன். எல்லோரும் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். தாங்கள் செய்த தப்புகளையும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தப்புகள் எல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்தவைபோல இருக்கின்றன. எனக்கு அது சந்தேகமாக இருக்கிறது. நாற்பது வயதில் இந்த லாரிக் கதையை உனக்குச் சொன்னால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆகவே பின்னாளில் உன் அம்மாவாகிய நான் சொல்வதும் இந்தக் கடிதமும் ஒத்துப்போகாவிட்டால், கடிதத்தை நம்பு.

மகளுக்கு ஏன் எழுதவில்லை என்றால், மகளாயிருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம். மகன்களின் லட்சணத்தை எதிர் வீட்டில் தினமும் பார்க்கிறேன். அந்த வீட்டு அம்மாள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அது முடிவதற்குள் பிள்ளை கச்சேரி ரோடு முனையில் இருப்பான்.

என் தகப்பனாரை நான் நைனா என்று கூப்பிடுவேன். உனக்கு அவர் தாத்தா என்றாலும் இந்தக் கடிதத்தில் நைனாவாகவே இருக்கட்டும். அவரிடம் ஒரே ஒரு லாரி உண்டு. யுத்தத்துக்கு முன்னால் வாங்கியது. தியாகராய நகரில் எழும்பும் புது வீடுகளுக்குச் செங்கல்லும், அடையாற்று மணலும் ஏற்றிப் போகும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், லாரியின் முதுகில் பெரிய கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார். நைனா வீட்டுக்கு வந்தால் பல்லும் கண்ணும் மட்டுமே வெள்ளையாகத் தெரியும். யுத்தம் முடிந்தது, பெட்ரோல் கூப்பன் முடியவில்லை. வாரத்தில் பாதி நாள் லாரி வாசலில் நின்றது. அதற்குள் கரிவாயு பழைய இன்ஜினை உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டிருந்தது. பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது நைனா ஒரு டீசல் இன்ஜினை எடுத்தார். கையிலிருந்ததெல்லாம் அதில் போயிற்று. அது ஓடினால் லாரி ஓடும். ஓடாவிட்டால் லாரி பழைய இரும்பு. "இந்த வயசுல இன்னொருத்தன் வண்டிக்கு ஆரன் அடிக்கப் போவணுமா?" என்று நைனா ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி தட்டைப் பார்த்துச் சொன்னார். அம்மா மோரை ஊற்றினாள்.

இன்ஜினை மாற்றும் வேலையை இஸ்மாயில் பாய் எடுத்துக்கொண்டார். ராயப்பேட்டையில் அவருக்கு ஒரு கொட்டகை உண்டு. லாரி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். வீட்டில் உருது பேசுவார். நம்மிடம் பட்டணத்துத் தமிழ். நைனாவை "நாயுடு" என்று கூப்பிடுவார். நைனா அவரைப் "பாய்" என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் பேசுவார்கள். வெயிலில் வந்தால் எங்கள் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "தங்கச்சி, டீ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அவருக்கென்று தனித் தம்ளர் எங்கள் வீட்டில் இல்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

இன்ஜினோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. நைனாவுக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும், பாய்க்கு உருது மட்டும் படிக்கத் தெரியும். ஆகவே சனிக்கிழமைதோறும் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு டயரின் மேல் உட்கார்ந்து நான் படித்து அர்த்தம் சொல்வேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ நினைத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் இங்கிலீஷ் ஒரு லாரியை நகர்த்தப் போகிறது! வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவியின் பெயர் அந்தப் புத்தகத்தில் கவர்னர் என்று இருந்தது. நான் யோசித்து, "நம்மை ஆளுகிறவர்" என்று மொழிபெயர்த்தேன். பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, கோட்டைல கீற கவர்னர் தொர இஞ்சினுக்குள்ள வந்து குந்திகினாரா? சலாம் போட்டுட்டுத்தான் தொறக்கணுமா?" அன்றிலிருந்து எனக்கு டீச்சரம்மா என்று பெயர்.

வேலை சுலபமாக இல்லை. புது இன்ஜினின் முகமும் பழைய கியர்பெட்டியின் முகமும் ஒட்டவில்லை; நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகட்டை அறுத்து, துளை போட்டு, இரண்டுக்கும் உறவு பண்ணி வைத்தார் பாய். இன்ஜின் நீளம் என்பதால் ரேடியேட்டரை நாலு விரற்கடை முன்னால் தள்ளினார். கனம் என்பதால் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். இன்ஜினின் வலது பக்கத்தில் சின்னப் பித்தளைத் தகட்டில் அதன் நம்பர் அடித்திருந்தது. ரிஜிஸ்தர் புத்தகத்தில் மாற்றி எழுதுவதற்காக முதல் நாளே அதை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். 19515. அந்த ஐந்து இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொள்.

இப்போது என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அண்ணன், மேற்கு மாம்பலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஒரு ஆபீசில் குமாஸ்தா. பால்காரன் வந்தால் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். பஸ் கண்டக்டர் சீட்டு கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்போது நாடு இரண்டாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வடக்கிலிருந்து தினமும் பயங்கரமான செய்திகள் வந்தன. மாமா பத்திரிகையை மடித்தபடி சொன்னார்: "மாப்ளே, அந்த பாயி மூட்டை கட்டிக்கினு கீறானாம். கராச்சிக்குப் போறவன் போற போக்குல கைக்குக் கெடைச்சத வாரிக்கினு பூடுவான். இன்ஜினைக் கண்ணுல பாத்தியா நீ?"

"பாய் அப்படி இல்ல" என்றார் நைனா.

"எவன்தான் அப்படி? பூடற வரைக்கும் எல்லாரும் நல்லவன்தான்."

நைனா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் புத்தகங்களில் துப்பறிகிறவர்களைப் பிடிக்கும். அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது, பொய் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே போனேன். ஆசைப்பட்டுப் போனவளுக்கு எல்லாமே கிடைத்தது. பச்சையாக இருந்த எங்கள் இன்ஜின் கறுப்பாக இருந்தது. அதன் மேல் கோணி போர்த்தி, கயிற்றால் கட்டி, எண்ணெய் பம்பின் வாய்களில் துணி அடைத்திருந்தார்கள். எதை மறைக்கிறார்கள்? கொட்டகையின் மூலையில் அதே ஜாதி இன்ஜின் இன்னொன்று முன்வாரம் இருந்தது. இந்த வாரம் இல்லை. கேட்டதற்கு, "அதுவா? மில்லுக்காரரோட இன்ஜின். மாட்டு வண்டில ஏத்தி அனுப்பிட்டேன்" என்றார் பாய். ரொம்பச் சீக்கிரமாகப் பதில் சொன்னதாக எனக்குப் பட்டது. மெதுவாகச் சொல்லியிருந்தால் யோசித்துச் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். சந்தேகத்தின் சுபாவம் இது, மகனே; அதற்கு எந்த வேகமும் ஒத்துவராது.

இந்த இடத்தில் மாற்றத் தோன்றுகிறது. மாற்றாமல் எழுதுகிறேன். கோணி போர்த்தியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். டீசல் பம்புக்குள் ஒரு மணல் துகள் போனாலும் கெட்டுவிடும், எப்போதும் மூடி வைக்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கடல் காற்றில் மணல் பறக்கும் ஊரில் அந்த வரியைப் படித்து, மூன்று தடவை அழுத்திச் சொன்னவளே நான்தான். என் சொல்லைக் கேட்டு நடந்ததை வைத்தே அவர்மேல் சந்தேகப்பட்டேன்.

இன்னொரு சனிக்கிழமைக்குள் இன்ஜின் லாரிக்குள் இறங்கிவிட்டது. நம்பர்த் தகடு இருந்த பக்கம் ஸ்டியரிங் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே போய் மறைந்துகொண்டது. தலையை எப்படித் திருப்பினாலும் தெரியவில்லை. பாய் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். நைனா தெருக்கோடியில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்த ஒரு நம்பரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு லாரிப் படம் கிறுக்கியிருந்தது. ஒன்று, ஒன்பது, சைபர், ஒன்று, சைபர். 19010. என் நோட்டைப் பிரித்தேன். 19515. அதன் கீழேயே சுவர் நம்பரையும் எழுதிக்கொண்டேன். எங்கள் இன்ஜின்தான் மாட்டு வண்டியில் போயிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத வேறொன்று எங்கள் லாரிக்குள் இருக்கிறது. நைனாவை ஏமாற்றிவிட்டார்கள்.

பாய் திரும்பி வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா டீச்சரம்மா, பேய் கீய் பாத்தியா?" என்றார். அந்த நிமிஷம் கேட்டிருக்கலாம். சுவரைக் காட்டி, "இது என்ன நம்பர்?" என்று மூன்று வார்த்தை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்து, "ஒன்றுமில்லை" என்றேன். மறுநாள் ஞாயிறு. நைனாவிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொன்னேன். நைனா நம்பமாட்டார், மாமா நம்புவார் என்பதுதான் காரணம். நம்பத் தயாராயிருப்பவரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

மாமா என் நோட்டை வாங்கி நைனாவின் முன்னால் விரித்து, "படிச்ச கொழந்த, மாப்ளே. பொய் சொல்லுமா?" என்றார். நைனா நோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். மாமாவும் நானும் கூடப் போனோம். கொட்டகையில் பாய் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். நைனா தலையைக் குனிந்தபடியே நின்று, "இன்ஜின் நம்பரைக் காட்டு பாய்" என்றார்.

"நம்பரா? அது உள்ள பூட்ச்சே. இன்னாத்துக்கு?"

"காட்டுய்யா!" என்றார் மாமா. "வேற இன்ஜினை வெச்சிட்டு எங்க காதுல பூ சுத்துறியா? கராச்சிக்கு எப்போ டிக்கெட்டு?"

பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய் வெளியே வந்து எழுந்து நின்றார். மாமாவை அவர் பார்க்கவே இல்லை. "நாயுடு, யாரு சொன்னது இத?" என்றார். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நைனா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லல. நான்தான் சுவத்துல பாத்தேன், வேற நம்பர் எழுதி கீதுன்னு" என்றார்.

பாயின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. சுவரை ஒரு தடவை பார்த்தார். நைனாவை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். சங்கிலிக் கப்பியை இழுத்து உத்தரத்தில் மாட்டினார். ரேடியேட்டரைக் கழற்றினார். குழாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு வாரம் பாடுபட்டு இறக்கிய இன்ஜினைத் திரும்பத் தூக்கப் போகிறார் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நைனா ஓடிப் போய்க் கையைப் பிடித்தார். "வாணாம் பாய், உடு. போதும்."

"கைய எடுங்க சார்" என்றார் பாய்.

மகனே, எத்தனையோ சண்டைகளில் அவர்கள் ஒருவரை ஒருவர் வைதுகொண்டதைக் கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த "சார்" மாதிரி விழவில்லை. நைனா கையை எடுத்துக்கொண்டார்.

உச்சிவெயில் சாய்ந்தபோது இன்ஜின் சங்கிலியில் மேலே வந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அடித்திருந்த கறுப்பு வண்ணத்தைப் பாய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க, பித்தளைத் தகடு மினுங்கியது. மாமா முன்னால் வந்தார். "நீங்க வாணாம்" என்றார் பாய். "டீச்சரம்மா படிக்கட்டும்." நான் போய்ப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னார். ஒன்று, ஒன்பது, ஐந்து, ஒன்று, ஐந்து.

"அப்படின்னா சுவரில் ஏன் சைபர் போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். முன்னமே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை, எல்லாம் முடிந்த பிறகு கேட்டேன்.

"சைபரா?" பாய் சாக்கட்டியை எடுத்து, அந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் வரைந்தார். "இது அஞ்சும்மா. உருதுல அஞ்சு இப்படித்தான் வரும். எங்களுக்கு சைபர்னா ஒரு புள்ளி." பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "ஒண்ணும் ஒம்போதும் உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுதான். இன்ஜின் எறங்கிட்டா நம்பர் தெரியாதே, ஆபீசுல கேப்பாங்களேன்னு உங்கப்பாவுக்காக எழுதி வெச்சேன்."

"எல்லாருக்கும் புரியறாப்பல இங்கிலீஷ்ல எழுதினா இன்னா?" என்றார் மாமா. அவருக்கு அப்போதும் விட மனசில்லை.

"என் சுவரு" என்றார் பாய்.

அதற்குப் பின் பத்து நாள் நான் கொட்டகைக்குப் போகவில்லை. புத்தகம் அங்கேயே கிடந்தது. நைனா போனார், வந்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. மாமா மட்டும் அடுத்த ஞாயிறு வந்து, "விசாரிச்சதுல இன்னா தப்பு? விசாரிச்சதாலதான உண்மை தெரிஞ்சுது" என்றார். நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்கிறவன் முதலில் கேட்பான். நாங்கள் முடிவோடு போனோம். உனக்கு ஒரு நாள் யார்மேலாவது சந்தேகம் வரும். வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஏலத்தில் எடுத்த இன்ஜினை ஒருவன் கையில் கொடுத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அதை யாரிடம் கொண்டுபோகிறாய் என்று பார். எவர்மேல் சந்தேகமோ அவரிடமே கொண்டுபோ. அவர் பொய் சொல்லலாம். சொல்லட்டுமே, அதையும் கேட்டுக்கொள். மூன்றாவது ஆளிடம் கொண்டுபோனால் அது உன் கையை விட்டுப் போய்விடும். அதற்கு அப்புறம் நீ அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான்.

இன்று சாயங்காலம் லாரி வந்தது. கச்சேரி ரோட்டில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. பழைய இன்ஜினின் இருமல் இல்லை, தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். தெருவே வாசலுக்கு வந்தது. பாய்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். இருட்டத் தொடங்கியிருந்ததால் முன்விளக்குகள் எரிந்தன. எங்கள் வாசல் கோலம்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அம்மா ஆரத்தி சுற்றிக் கொட்டினாள். நைனா சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "எறங்கு பாய், டீ குடிச்சிட்டுப் போ" என்றார். "இல்ல சார், நேரம் ஆச்சு" என்றார் பாய். அம்மா தம்ளரோடு வந்து நின்றாள். "தங்கச்சி, இன்னிக்கு வாணாம்" என்றார். அவளிடம் மட்டும் பழைய வார்த்தை.

நைனா தம்ளரை வாங்கிக்கொண்டு படியிலேயே நின்றார். நான் லாரியைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏணிப்படியில் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்: "சுவத்துல பாத்தது நைனா இல்ல. நான்தான். நான்தான் மாமா கிட்ட சொன்னேன். நைனா எனக்காகப் பொய் சொன்னாரு. அவர் மேல கோவிச்சுக்காதீங்க."

நான் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பத்து நாளாக நினைத்திருந்தேன். பாய் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெரியும் டீச்சரம்மா."

"எப்படி?"

"உங்கப்பாவுக்கு என் அஞ்சு தெரியும். அந்தச் சுவத்துலதான் இத்தினி வருசமா அவரு வண்டி நம்பரு, டயர் நம்பரு, எல்லாத்தையும் எழுதுறேன். அவரே ஒரு தபா சாக்கட்டிய வாங்கி எழுதிக் காட்டுனாரு, 'பாத்தியா, உன் அஞ்சு எனக்கும் வருது'ன்னு. நீ சின்னப் பொண்ணு, படிக்கத் தெரியாத எழுத்தப் படிச்சிட்ட. உன் மேல இன்னா கோவம்?" வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். "அன்னிக்கு உள்ள வந்தாரே, தலைய நிமிர்த்தி அந்தச் சுவத்த ஒரு தபா பாத்திருந்தா போதும். ஒரு தபா. வர வழியிலயே முடிவு பண்ணிக்கினு வந்தவரு எங்க பாப்பாரு?"

நைனா படியில் நின்றது எனக்குத் தெரிந்தது. விளக்கு வெளிச்சம் அவர் முகத்தின் ஒரு பாதியில் விழுந்தது. இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று எழுதத் தோன்றுகிறது. கேட்டது. கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது; அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லா ஓடும்" என்றார் பாய், எல்லோருக்கும் கேட்கும்படி. "முதல் எண்ணெய் மாத்தறதுக்கு வேற எடம் பாத்துக்கோங்க சார்."

பாய் கை நீட்டி ஒரு குமிழை இழுத்தார், இன்ஜின் நின்றது. தெரு முழுக்கத் திடீரென்று அமைதியாயிற்று. பிறகு விளக்குகளையும் அணைத்தார்.